நான் வாங்காத கேமரா

கோடை வெயில் ஏறுவதற்குள், செங்கம் சாலையில் ஆசிரமத்துக்காக வந்து தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் நாட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். மெத்தை, மிக்ஸி, சைக்கிள் என்று எல்லாவற்றையும் விற்றுவிட்டுத்தான் போவார்கள். காபிக் கடைச் சுவரில் சீட்டு ஒட்டியிருக்கும். இரண்டு வருடம் முன்பு அப்படியொரு சீட்டில்தான் என் கேமராவைக் கண்டுபிடித்தேன். என் கேமரா என்றே இன்றைக்கும் வாயில் வருகிறது.

அந்த ஜூலையில் நானும் என் நண்பனும் கன்னியாகுமரி வரை சைக்கிளில் போவதாக இருந்தது. பத்து வருடமாக விடியற்காலையில் கிரிவலப் பாதையைச் சேர்ந்தே மிதித்தவர்கள் நாங்கள். அந்தப் பயணத்துக்கு ஒரு கேமரா தேடி நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. பெரியது கழுத்தை இழுக்கும், சின்னதில் தூரத்துக் காட்சி சரியாக விழாது. ஹேண்டில்பார் பையில் அடங்க வேண்டும், தூறலும் செம்மண் தூசியும் தாங்க வேண்டும். சீட்டு ஒட்டிய வெள்ளைக்கார அம்மாள் காட்டியது அத்தனைக்கும் சரியாக இருந்தது.

எனக்கு ஆசைதான் உண்டு, விவரம் தெரியாது. நண்பன் கல்யாண வீடுகளில் படம் எடுப்பவன் என்பதால் அவனைக் கூட்டிப்போனேன். லென்ஸுக்குள் செல்போன் டார்ச்சை அடித்து வெகுநேரம் பார்த்தான்.

"உள்ள பூஞ்சை பிடிச்சிருக்குடா. ஒரு மழை பெஞ்சா போச்சு. வேணாம்."

"எனக்கு ஒண்ணும் தெரியலயே?"

"உனக்கு எப்பிடித் தெரியும்? நான் சொல்றேன் இல்ல."

டாக்டரே சொன்ன பிறகு நோயாளி எதிர்த்துப் பேசுவானா? அம்மாளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் ஒத்திகையாக ஜவ்வாது மலை ஏறினோம். ஒரு கொண்டை ஊசி வளைவில் மூச்சு வாங்க நின்றபோது அவன் பையிலிருந்து அந்தக் கேமராவை எடுத்தான். ஓரத்துக் கீறல் உட்பட அதேதான். அப்போதும் என் மனசு அவனுக்காக வாதாடியது: பாவம், பழுது என்று தெரிந்தே சல்லிசாக வாங்கியிருப்பான்.

"பூஞ்சைன்னியே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லடா," என்றான், வெகு சாதாரணமாக. "உனக்கு இது ஜாஸ்தி. எவனோ எடுத்துனு போறதுக்குப் பதிலா நானே வாங்கிட்டேன்."

கூச்சம் மருந்துக்கும் இல்லை. கேமராவை என் கையிலேயே கொடுத்துவிட்டு, பள்ளத்தாக்கு தெரிகிற மாதிரி தடுப்புச் சுவரில் போய் உட்கார்ந்தான்.

"ஒண்ணு எடு."

தூக்கி எறியத்தான் கை பரபரத்தது. எறியவில்லை, எடுத்தேன். நிதானமாக, வெளிச்சம் பார்த்து, நன்றாகவே எடுத்தேன். என்மேலேயே எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

கேமராவை வாங்கிப் படத்தைப் பார்த்தவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "பரவால்லயே, உனக்கும் எடுக்க வருதே," என்றான், உண்மையான ஆச்சரியத்தோடு.

நான் சைக்கிளைத் திருப்பி இறங்க ஆரம்பித்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டான், நான் பிரேக் பிடிக்கவில்லை.