செம்மண் துணியில் உப்பு ஏரிகள்

"மாஸ்டர், இந்தச் சாம்பிளும் போச்சுன்னா ஆர்டர் பக்கத்து கம்பெனிக்குப் போயிருமுங்க. அப்புறம் நம்ம டையிங்கை இழுத்து மூட வேண்டியதுதான்" என்றார் முதலாளி. அவர் கையில் ஒரு கலர் பிரிண்ட்-அவுட். விண்வெளியிலிருந்து எடுத்த பாலைவனப் படம். செம்மண் தரையில் வெளிறிய உப்பு ஏரிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் கருத்த விளிம்பு. குழந்தைகளின் டீ-ஷர்ட்டில் அது அப்படியே வர வேண்டும் என்று ஆர்டர் கொடுக்கும் ஜெர்மனி பையர் பிடிவாதமாக இருந்தார்.

இரண்டாயிரங்களில் நான் திருப்பூரில் சாய மாஸ்டர். ஸ்க்ரீன் பிரிண்டில் மூன்று சாம்பிள் அனுப்பினோம். ஸ்டிக்கர் ஒட்டியது போல இருக்கிறது என்று மூன்றையும் பையர் தள்ளிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். எனக்கே வெட்கமாக இருந்தது. வெள்ளிக்கிழமை கூரியர்தான் கடைசி.

புதன்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஆப்பரேட்டர் பழனிசாமி செம்மண் நிறச் சாயத்தில் நனைத்த ஈரத்துணியை, நிறம் பிடிக்கச் சேர்க்கும் உப்பு மூட்டைகளின் மேல் போட்டிருந்தார். ஒரு மூட்டை வாய் பிரிந்து, துணியெல்லாம் கல்லுப்பு. எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது; சாயம் திட்டுத்திட்டாகி 'பேட்ச்' விழுந்தால் துணி ரிஜெக்ட்.

"ஏப்பா, கண்ணு அவிஞ்சு போச்சா? உப்பு மேலயா ஈரத்துணியப் போடுவே?"

"ட்ராலி கிடைக்கலீங்க மாஸ்டர். ரெண்டு நிமிசம்னு போட்டனுங்க, மறந்துட்டனுங்க."

இன்னும் நாலு வார்த்தை என் வாயில் தயாராக இருந்தது. துணியை உதறியவன் அப்படியே நின்றுவிட்டேன். உப்புக்கல் கிடந்த இடமெல்லாம் சாயம் விலகி வெளிறியிருந்தது. ஓரத்தில் நிறம் தடித்திருந்தது. ஓடிப்போய்ப் பிரிண்ட்-அவுட்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். அடேயப்பா! அதே ஏரிகள்!

"இதையே இன்னொரு தடவை செய்யப்பா."

"மன்னிச்சுக்குங்க மாஸ்டர், இனிமே செய்ய மாட்டனுங்க."

"அட, நெசமாத்தான் சொல்றேன்! உப்பு மூட்டையத் தூக்கு!"

இரண்டு நாள் துணியை விரித்து, கல்லுப்பும் பொடியுப்புமாகத் தூவி, காயவிட்டு அலசினோம். வெள்ளிக்கிழமை சாம்பிள் கிளம்பியது. அடுத்த வாரம் மெயில் வந்தது: அப்ரூவ்டு. ஒவ்வொரு சட்டையிலும் ஏரி வேறு வேறாக இருப்பதுதான் அழகு என்று பையர் எழுதியிருந்தார். முதலாளி எல்லோர் முன்னாலும் பழனிசாமியைக் கட்டிப்பிடித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

தவறு செய்தவனைத் திட்டுவதற்கு முன் துணியை ஒருமுறை விரித்துப் பாருங்கள். நான் தாமதமாகக் கற்றது அது.

பல்க், அதாவது முழு ஆர்டரும், ஓடத் தொடங்கிய முதல் நாள், செக்கிங்கில் இருந்த தூத்துக்குடி மேரி ஒரு சட்டையோடு வந்தார். "அண்ணாச்சி, இதுல பேட்சே இல்ல. ரிஜெக்ட் பண்ணட்டுமா?"

என் சர்வீஸில் நான் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்ட ரிஜெக்ட் அது ஒன்றுதான்.