கிழக்கு அறைக்கு ஒரு கதவு

என் கணவர் ஜேபஸ் தர்லோ பதினோரு வருடம் உயில் எழுதினார். எங்கள் மலைப்பக்கத்து ஆண்கள் படுக்கையில் விழுந்த பிறகுதான் உயிலைப் பற்றியே நினைப்பார்கள். எழுதத் தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிட்டு நாலு வரி சொல்லுவார்கள், மூன்று பேர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள், அதோடு தீர்ந்தது. இவர் ஐம்பத்தெட்டாம் வயதில் வைக்கோல் பரணிலிருந்து விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். புண் நாலு நாளில் ஆறிவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்த உயில் மட்டும் முடியவே இல்லை.

கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். குடித்துவிட்டுக் கத்தியதில்லை, கை நீட்டியதில்லை. விடிவதற்கு முன் எழுந்து, எருதுகளைப் பூட்டி, வயலில் கல் பொறுக்கிப் பொறுக்கியே இடுப்பு ஒடிந்தவர். எங்கள் வயலில் ஒவ்வொரு வசந்தத்திலும் பயிருக்கு முன்னால் கல்தான் முளைக்கும். அந்தக் கல்லையெல்லாம் அடுக்கி நிலத்தைச் சுற்றிச் சுவர் கட்டினார். அதையும் கயிறு பிடித்து அளந்து அளந்து கட்டினார். இவரிடம் எதைச் சொன்னாலும் முதலில் அளக்க வேண்டும், பிறகு எழுத வேண்டும். செய்வது என்பது கடைசி. நாற்பது வருடம் இதோடு குடும்பம் நடத்தியவளுக்குத்தான் தெரியும் அந்த அவஸ்தை.

இந்தக் காகிதப் பைத்தியம் சும்மா வரவில்லை. மாமனார் தன் உயிலில், "மேட்டு நிலத்தைப் பிள்ளைகள் நியாயமாகப் பிரித்துக்கொள்ளவும்" என்று நிலத்தைப் பற்றி ஒற்றை வரிதான் எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். எது நியாயம் என்று அண்ணனும் தம்பியும் மூன்று வருடம் அடித்துக்கொண்டார்கள். இவருடைய தம்பி கோபித்துக்கொண்டு மேற்கே தொலைவில் ஒஹாயோ பக்கம் போனவர், அதற்குப் பிறகு ஒரு கடிதம்கூடப் போடவில்லை. என் பிள்ளைகளுக்கு அந்தக் கதி வரக்கூடாது, கடைசி ஆணி வரைக்கும் எழுதிவிடுவேன் என்று இவர் சபதம் எடுத்துக்கொண்டார். எழுதினார். வீடும் ஓடையோரத்து நிலமும் மூத்தவன் ஈனோஸுக்கு. மேட்டு நிலமும் காடும் சின்னவன் சைலஸுக்கு. கட்டிக்கொடுத்த மகள் கெசியாவுக்குக் கல்யாணத்தன்றே இறகு மெத்தையும் பசுவும் போயாயிற்று, இப்போது பித்தளைக் கொப்பரை. எந்தக் கருவாலி மரத்திலிருந்து எந்தக் கல் வரைக்கும் எல்லை என்று பக்கம் பக்கமாக எழுதினார். அது அவர் சம்பாத்தியம், எப்படியோ எழுதிக்கொள்ளட்டும். என் வயிற்றெரிச்சல் எல்லாம் என் பங்கைப் பற்றித்தான்.

எங்கள் ஊரில் விதவைக்கு வீட்டில் ஒரு பங்கு பிரித்துக் கொடுப்பது வழக்கம். எனக்குக் கிழக்கு அறை. கூடவே நிலவறையில் பாதி, ஒரு பசு, அதற்குத் தீவனம், வருடத்துக்கு இத்தனை மூட்டை ரை தானியம், இத்தனை பன்றி இறைச்சி, உப்பு, மெழுகுவத்திக்குக் கொழுப்பு. சைலஸ் விறகை இரண்டு அடி நீளத்தில் வெட்டி என் அறை வரைக்கும் கொண்டுவந்து போட வேண்டும். கேட்க ராஜபோகம் மாதிரி இருக்கிறது, இல்லையா? அந்தக் கிழக்கு அறைக்கு இருப்பது ஒரே கதவு. அது சமையலறைக்குள் திறக்கும். சமையலறை ஈனோஸின் மனைவி டார்க்கஸுக்கு. கிணற்றுக்குப் போகவும் ரொட்டி சுடவும் பின்பக்கத்துக் கழிப்பிடத்துக்குப் போகவும் நான் அவளுடைய தரையைத்தான் மிதித்தாக வேண்டும்.

எனக்கு உப்பும் வேண்டாம், கொழுப்பும் வேண்டாம், கிழக்குச் சுவரில் ஒரு கதவு வைத்துக் கொடுத்தால் போதும் என்று முதல் வருடமே கேட்டேன். இரண்டாம் வருடமும் கேட்டேன். கேட்டுக் கேட்டு என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

"குளிர்காத்து நேரா உள்ள வரும் ஹல்டா," என்பார். "எங்கப்பா போட்ட பலகைச் சுவர். அதை ஓட்டை போடச் சொல்றியே."

"ஓட்டை இல்லீங்க, கதவு."

"அதான் சமையலறை வழியா போக வர உனக்கு உரிமைன்னு எழுதியிருக்கேனே! வேற என்ன வேணும்?"

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கும். முட்டிக்கொள்ளவும் அதே கிழக்குச் சுவர்தான் இருந்தது.

அறுபத்தொன்பதாம் வயதில், பிப்ரவரிப் பனியில் நெஞ்சுச் சளி பிடித்து இவர் நிஜமாகவே படுத்துவிட்டார். கணப்புக்குப் பக்கம் என்று கிழக்கு அறையில்தான் கட்டிலைப் போட்டோம். மார்ச் மாதம் உயிலை முடித்துவிடலாம் என்று எல்லோரையும் வரச் சொன்னார். எங்கள் ஊரில் பத்திரமெல்லாம் எழுதுகிற எல்னேத்தன் பார்லோ மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஈனோஸ், டார்க்கஸ், சைலஸ் மூன்று பேரும் சுவரோரமாக நின்றார்கள். பார்லோ எல்லைகளைப் படித்து, கொப்பரையைப் படித்து, என் பங்குக்கு வந்தார். உப்பு வந்தது, கொழுப்பு வந்தது. கடைசியில், "நியாயமான நேரங்களில் சமையலறை வழியாகப் போய்வர என் மனைவிக்கு உரிமை உண்டு" என்று வந்தது.

"நிறுத்துங்கண்ணே," என்றேன். "நியாயமான நேரம்னா எது?"

பார்லோ கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எல்லா உயில்லயும் அப்படித்தாம்மா எழுதறது. வழக்கமான வார்த்தை."

கட்டிலிலிருந்து இவர் இருமிக்கொண்டே கையை ஆட்டினார். "அவ கேக்கறது சரிதான். நியாயம்னு மொட்டையா விட்டுத்தான் எங்கப்பா எங்களை அடிச்சுக்க வச்சாரு. எழுது பார்லோ. காலைல அஞ்சு மணிலேர்ந்து ராத்திரி ஒம்பது வரைக்கும். கோடைல நாலரைலேர்ந்து."

பார்லோ பேனாவை மையில் தோய்த்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

"மணியைப் போட்டா ஆச்சா? என்ன மனுஷன்யா நீங்க! உங்கம்மாவுக்கும் இதே அறைதானே? இதே வார்த்தைதானே? சமையலறைல அப்ப யார் இருந்தது? நான்தானே?"

"எங்கம்மாவை நீ ஒரு நாளும் தடுத்ததில்லையே," என்றார்.

"தடுக்கலீங்க. தடுத்தாத்தான் காகிதத்தைத் தூக்கிட்டு வந்திருப்பீங்களே! அவங்க கதவைத் திறக்கிற சத்தம் கேட்டா நான் தரையைக் கழுவ ஆரம்பிப்பேன். 'ஈரமா இருக்கு அத்தை, காயட்டும்'னு சொல்வேன். அவ்வளவுதான். அவங்க கைல வாளியோட நிப்பாங்க. காய்ஞ்சதும் நான் மாவைப் பரப்பி வச்சுக்குவேன். 'தூசி பறக்கும் அத்தை, கொஞ்சம் இருங்க'ன்னு சொல்வேன். அவங்க ஒரு வார்த்தை பேசினதில்லை. ஆனா மத்தியானத்துக்கு மேல தண்ணி குடிக்கிறதையே விட்டுட்டாங்க. சாயங்காலம் என் தரையைத் தாண்டிக் கழிப்பிடத்துக்குப் போக வேணாம்னு. கடைசி ஆறு வருஷம், ஆகஸ்ட் வெயில்லகூட. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இருந்தேன்."

இதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

டார்க்கஸுக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. "நான் அப்படியெல்லாம் செய்வேனா அத்தை? என்னைப் பார்த்து இப்படிச் சொல்லிட்டீங்களே!"

"நானும் செய்வேன்னு நினைக்கலை டார்க்கஸ். சபைக்கூடத்துல ஒரு ஞாயிறுகூட விடாம முன்வரிசைல உக்கார்ந்தவதான் நான்."

இவர் மோட்டுவளையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். "ஒரு தடவை எங்கிட்ட சொன்னாங்க," என்றார். "தரை எப்பவும் ஈரமாவே இருக்குடான்னு. மருமக சுத்தக்காரி, சந்தோஷப்படும்மான்னு சொல்லிட்டு வயலுக்குப் போய்ட்டேன்." பிறகு பார்லோவைப் பார்த்து, "நாளைக்கு வாப்பா," என்றார்.

சரி, அழுவார், வருத்தப்படுவார், காகிதத்தில் இன்னும் அரைப் பக்கம் சேர்ப்பார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் கஞ்சி கொண்டுபோனால் உள்ளே ஈனோஸும் சைலஸும் ரம்பத்தோடு நிற்கிறார்கள். இவர் தலையணையில் சாய்ந்தபடி அளவுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதிகாரம் செய்கிறார்.

"மூணடி அகலம்டா. அவ வாளியோட போகணும். இன்னும் இடது பக்கம். இன்னும். டேய் சைலஸ், உனக்கு இடது கை எதுன்னு நான் எழுதிக் கொடுக்கணுமா?"

வெளியே பனி உருகிச் சேறும் காற்றுமாக இருந்தது. சுவரில் முதல் பலகையைப் பெயர்த்ததும் காற்று சீறிக்கொண்டு கட்டில் மேல் பாய்ந்தது. கஞ்சியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஐயோ, நிறுத்துங்கடா! நெஞ்சு முழுக்கச் சளி, இந்தக் காத்துல உங்கப்பன் செத்தே போயிடுவாரு! கட்டிலையாவது அந்தப் பக்கம் தூக்கிப் போடுங்க!"

"கட்டிலைத் தொட்டா உதைப்பேன்," என்றார். "அங்கேர்ந்து பார்த்தா இவனுங்க கோணலா வெட்டறது எனக்குத் தெரியாது."

"எனக்குக் கதவே வேணாங்க. ஒண்ணுமே வேணாம். படுங்க!"

"பதினோரு வருஷமா கதவு கதவுன்னு உயிரை வாங்கினே. இப்ப வேணாமா? வாயை மூடிட்டுக் கஞ்சியைக் கொடு."

என்ன செய்வது சொல்லுங்கள்! வீட்டிலிருந்த போர்வை அத்தனையையும் கொண்டுவந்து அவர் மேல் போட்டேன். டார்க்கஸ் தன் கம்பளிச் சால்வையைக் கொண்டுவந்து அவர் தலையைச் சுற்றிக் கட்டிவிட்டாள். அதோடு அவர் ஒரு கிழவியைப் போல உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளைத் திட்டினார். ஆப்பிள் சாறு பிழியும் கொட்டகையிலிருந்து பழைய கதவைக் கழற்றிவந்து மாட்டினார்கள். அவ்வளவு அளந்தும் கதவு கட்டை விரல் அகலத்துக்குக் கோணல். அதற்கும் ஒரு பாட்டம் திட்டு விழுந்தது.

பிள்ளைகள் போன பிறகு, "கிணத்துக்குப் போய் ஒரு வாளி தண்ணி கொண்டா," என்றார்.

"உள்ளயே இருக்கே, குடத்துல."

"அது இருக்கட்டும். கிணத்துக்குப் போ. இந்தப் பக்கமா."

புதுக் கதவைத் திறந்துகொண்டு சேற்றில் இறங்கினேன். கிணறு இருபது எட்டுதான். யார் தரையையும் மிதிக்கவில்லை, யார் முகத்தையும் பார்க்கவில்லை. வாளியோடு திரும்பி வரும்போது கண் கலங்கி வழி தெரியவில்லை, சேற்றில் ஒரு காலணி மாட்டிக்கொண்டது. ஒற்றைக் காலணியோடு உள்ளே வந்து ஒரு குவளை மொண்டு கொடுத்தேன். பனித்தண்ணீர், பல் கூசும். மடமடவென்று குடித்தார்.

"மத்தியானம் தாண்டிடுச்சா?" என்று கேட்டார்.

"தாண்டியாச்சு. மூணு மணி இருக்கும்."

"இன்னொரு குவளை கொடு."

மொண்டு கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, அடி வண்டல் வரைக்கும் அதையும் குடித்துவிட்டு, "காத்து வருது, கதவைச் சாத்து," என்றார்.