யன்னலடியில் சப்பாத்துத் தடம்

இரண்டு வருடத்துக்கு முந்திய மாசி மாதம். நாங்கள் குடியேறிய அஜக்ஸ் நகரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளமான பேஸ்மென்றை சாம்பியா நாட்டுக்காரர் ஒருவருக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தோம். அங்கே தேசியப் பூங்காவில் யானைகளைக் காக்கும் காவலர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர், இங்கே ஆறு மாதப் படிப்புக்கு வந்தவர். எல்லாம் அவர் சொன்னதுதான், யார் கண்டது?

மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுச் சடங்குக்காக வங்கி லொக்கரில் இருந்த நகை முழுவதையும் எடுத்து வீட்டில் வைத்திருந்த நேரம். இந்த மனுசனோ காலையில் வீட்டைச் சுற்றி நடப்பார், குனிந்து குனிந்து பனியைப் பார்ப்பார். கேட்டால், ரக்கூன் என்ற பிராணியின் தடமாம்.

"உவர் வீட்டை நோட்டம் பாக்கிறார். இங்கயிருந்து எழுப்பிவிடுங்கோ" என்று கணவரை அரித்தெடுத்தேன்.

"உமக்கென்ன விசரே? அந்தாள் தன்ர பாட்டில இருக்குது."

விட்டேனா நான்! வாடகைக்காரர் வகுப்புக்குப் போனதும், வாசலில் கிடக்கும் கணவரின் சப்பாத்தை மாட்டிக்கொண்டு பின்பக்கம் போய், பேஸ்மென்ற் யன்னலால் எட்டிப் பார்ப்பேன். கட்டில், புத்தகம், ஒரு கேத்தில். அவ்வளவுதான். அடுத்த கிழமை அவர் தடி வைத்து எதையோ அளந்து, போனில் படமும் எடுக்கத் தொடங்கினார். கள்ளனேதான் என்று முடிவு கட்டி, நகைப் பெட்டியை அரிசி மூட்டைக்குள் ஒளித்தேன்.

ஒரு சனிக்கிழமை அவரே மேலே வந்து கதவைத் தட்டினார். முகம் வாடியிருந்தது. கணவரிடம் போனைக் காட்டி, யாரோ வீட்டை வேவு பார்க்கிறார்கள், கவனம் என்றார். தன் யன்னலடியில் ஒன்பது நாளாக ஒரே தடமாம். சப்பாத்து பெரிய ஆம்பிளையுடையது, ஆனால் அடிக்கு அடி இடைவெளி குறுகல், பனியில் ஆழப் புதையவும் இல்லை. ஆகவே சின்ன ஆள் ஒருவர் பெரிய சப்பாத்துக்குள் காலை விட்டிருக்கிறார். கள்ள வேட்டைக்காரரும் இப்படித்தான் ஏமாற்றப் பார்ப்பார்களாம்.

கணவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீரே?"

ஐயோ, நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் உண்மையைச் சொன்னேன்.

அந்த மனுசன் கோபிக்கவில்லை. சுவரில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். ஊரில் அவருடைய காவலர்கள் பிடித்துக் கொடுத்த வேட்டைக்காரரின் ஆட்கள் ஒருமுறை அவர் வீட்டு யன்னலடியில் வந்து நின்றார்களாம். இங்கேயும் வந்துவிட்டார்களோ என்று பயந்து, இந்த ஒன்பது நாளும் சப்பாத்தைக் கழற்றாமலே படுத்திருக்கிறார்.

மன்னிப்புக் கேட்டேன். சாமத்திய வீட்டுக்கும் வந்து வயிறாரச் சாப்பிட்டுப் போனார். ஆனால் நான் எங்கள் ஊரில் போருக்குள் வளர்ந்தவள். யன்னலடியில் யாரோ நிற்கிறார்கள் என்றால் மனுசர் எப்படி மூச்சடக்கிக் கிடப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அது தெரிந்த நானே ஒரு மனுசனை அப்படிக் கிடக்கப் பண்ணினேனே என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.