நோன்பும் உப்புத் தண்ணீரும்

நோன்போடு ஆய்வுகூடத்தில் நின்றவர்களுக்குத்தான் தெரியும், அங்கே இருக்கிற எல்லாமே தண்ணீராகத்தான் கண்ணில் படும். அமிலமும் தண்ணீர் மாதிரி, காரமும் தண்ணீர் மாதிரி. போத்தல் போத்தலாகக் குளிர்ந்து தெளிந்து நிற்கும். அதில் ஒன்றை எடுத்து மடமடவென்று குடித்தால் என்ன என்று எனக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது தோன்றும். குடித்தால் மௌத்துதான். ஆனாலும் தோன்றும்.

எண்பதுகளின் தொடக்கம். கல்முனைக்குத் தெற்கே, கடல் சத்தம் கேட்கிற வீட்டிலிருந்து மலைநாட்டில் இருந்த பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். பொம்பிளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று ஊரில் கதைத்தார்கள். வாப்பா என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தார். பஸ் ஏற்றிவிடும்போது என்னிடம், தொழுகையையும் நோன்பையும் விட்டுவிடாதே, மற்றதையெல்லாம் நீ பார்த்துக்கொள் என்றார். மாவடிப்பள்ளிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. வயலையும் பள்ளிவாசலையும் தவிர வேறொன்றும் தெரியாத மனுஷன். மற்றதெல்லாம் என்று அவர் சொன்னதற்குள் இரசாயனம் முழுவதும் அடக்கம்.

அந்த இரசாயனத்தின்மீது எனக்குப் பைத்தியமே பிடித்திருந்தது. முதல் வருடத்தில் ஒரு விரிவுரை. செத்தவரின் வயிற்றிலிருந்து எடுத்ததில் பாஷாணம் இருந்தால் கண்ணாடிக் குழாயின் உள்ளே கறுப்பாக, பளபளவென்று ஒரு படலம் படியும் என்றார்கள். யாருக்கும் தெரியாமல் செய்த கொலை கண்ணாடியில் வந்து முகம் காட்டுகிறது. அன்றிலிருந்து நடக்கும்போதும் படுக்கும்போதும் ஒரே கனவுதான். வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு அரசாங்கப் பகுப்பாய்வுகூடத்தில் நிற்கிறேன். நீதிமன்றத்தில் கூண்டில் ஏறி, இதில் இவ்வளவு விஷம் இருக்கிறது, இது என் கையால் அளந்தது என்று சொல்கிறேன்.

அந்த வேலைக்கு இரசாயனச் சிறப்புப் பட்டம் வேண்டும். இரண்டாம் வருட முடிவில் பத்துப் பேரைத்தான் அதற்கு எடுப்பார்கள். என் பெயர் அந்தப் பத்துக்குள் வருமா வராதா என்பது கடைசிச் செய்முறைப் பரீட்சையில் தொங்கிக்கொண்டிருந்தது. பரீட்சையோ நோன்பு மாதத்தில் வந்து விழுந்தது.

அப்போதெல்லாம் பிப்பெட் என்கிற கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சித்தான் திரவத்தை மேலே இழுப்போம். கொஞ்சம் கூட இழுத்தால் வாய்க்குள் வந்துவிடும். எனக்கு அதுதான் பயம். மற்றவர்கள் ஒரே இழுவையில் முடிப்பதை நான் மூச்சை அடக்கி, குழாய்க்குள் ஏறுகிற தண்ணீரில் கண்ணை நட்டு, எறும்பு ஊருகிற வேகத்தில் இழுப்பேன். பாயாசமா குடிக்கிறாய் என்று பக்கத்து மேசைக்காரி நக்கலடிப்பாள்.

பரீட்சைக்குக் கொடுத்தது உப்புத் தண்ணீர். அதில் எவ்வளவு உப்பு இருக்கிறதென்று அளக்க வேண்டும். முதலில் நல்ல தண்ணீர் விட்டுப் பத்து மடங்கு ஐதாக்கி, பிறகு பியூரெட் என்கிற நீளக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக வெள்ளி நைத்திரேற்று விட வேண்டும். மஞ்சளாகக் கலங்கி நிற்கும் திரவத்தில் ஒரு சொட்டு விழுந்ததும் செங்கல் நிறம் தட்டும். அந்தச் சொட்டோடு நிறுத்தி, அளவைக் குறிக்க வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே மழைத் தூறல். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சொட்டு விழ விழ எனக்குள்ளே ஊர்த் தண்ணீரெல்லாம் ஓடத் தொடங்கியது. எங்கள் வீட்டுக் கிணறு கோடையில் இலேசாகக் கரிக்கும். இரண்டு வளவு தள்ளி இருந்த கிணறு கரிக்காது. வயல் வாய்க்கால் தண்ணீரில் சேறு மணக்கும். மணல் மூடிய முகத்துவாரத்தைக் கடலுக்கு வெட்டிவிட்ட நாளில் ஆற்றுத் தண்ணீர் காலையில் ஒரு ருசி, பின்னேரம் ஒரு ருசி. கண்ணைத் திறந்துகொண்டுதான் நின்றேன், கையும் தன்பாட்டுக்கு வேலை செய்தது. மூன்று தடவை அளந்தும் ஒரே அளவு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கணக்குப் போட உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். மேசையில் இரண்டு கண்ணாடி முகவைகள். ஒன்றில் அவர்கள் கொடுத்த உப்புத் தண்ணீர், மற்றதில் நான் ஐதாக்கியது. இரண்டின் அடியிலும் கொஞ்சம் மிச்சம். இரண்டிலும் பெயர் எழுதவில்லை. நான் அளந்தது பியூரெட் பக்கத்தில் இருந்த முகவையிலிருந்து, அது நிச்சயம். ஆனால் அது எது? ஐதாக்கியது என்றால் விடையைப் பத்தால் பெருக்க வேண்டும். இல்லையென்றால் பெருக்கக் கூடாது. இன்னொரு தடவை அளக்க நேரமில்லை. ஐந்து நிமிடம் இருக்கிறது என்று மணி அடித்துவிட்டார்கள்.

சுற்றிப் பார்த்தேன். விரலை ஒரு முகவையில் தோய்த்து நாக்கு நுனியில் வைத்தேன். கடல், அசல் கடல்தான். தொட்டியில் துப்பினேன். பியூரெட் பக்கத்து முகவையில் மற்ற விரலைத் தோய்த்து வைத்தேன். கோடைகாலத்து எங்கள் வீட்டுக் கிணறு. அதையும் துப்பி, மூன்று தரம் கொப்பளித்து, விடையைப் பத்தால் பெருக்கி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வெள்ளி நைத்திரேற்றுக்கு ஒரு குணம் உண்டு. தோலில் பட்ட நேரம் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் பட்டு மெல்லக் கறுக்கும். கழுவினாலும் போகாது, தோல் உரிந்தால்தான் போகும். என் விரலில் அது இருந்து, உதட்டிலும் பட்டிருக்கிறது. மறுநாள் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பிக் கண்ணாடியைப் பார்த்தால் கீழுதட்டில் கறுப்பாக ஒரு பொட்டு. நடந்ததைக் கேட்ட அக்கரைப்பற்று அறைத்தோழி, நுணலும் தன் வாயால் கெடும் என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள். எனக்கு அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது.

அன்று காலை வாய்மொழிப் பரீட்சை. கேள்வி கேட்டவர் ஒரு பெண் விரிவுரையாளர், என்னைவிடப் பத்து வயதுதான் கூட இருக்கும். விடைத்தாளைப் பார்த்தார், என் உதட்டைப் பார்த்தார். விடை சரியாக இருக்கிறது என்றார். பிறகு, “பிப்பெட்டில் இழுக்கும்போது தவறி வாய்க்குள் வந்துவிட்டதா?” என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

அது நல்ல மனதோடு திறந்துவிட்ட கதவு. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எல்லாரும் வாயால் இழுக்கிற காலம், யார் சந்தேகப்படப் போகிறார்கள்? சொல் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் நோன்பு வாயில் பொய் எப்படி வரும்? குடிக்காமல் தின்னாமல் கிடந்து, பொய் சொன்னால் அந்த நாள் முழுக்கப் பட்டினி கிடந்ததுதான் மிச்சம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான்.

“இல்லை மேடம். வேண்டுமென்றுதான் ருசி பார்த்தேன். ஆனால் விழுங்கவில்லை, எனக்கு நோன்பு” என்றேன்.

அவருக்கு நோன்பு விளங்கவில்லை. ருசி பார்த்தது நன்றாக விளங்கியது. எந்த முகவை, எந்த விரல் என்று எல்லாம் கேட்டு எழுதினார். அது விஷமாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்றார். நாளைக்கு ஒரு வழக்கில், எப்படித் தெரியும் என்று கேட்டால் என் நாக்குச் சொன்னது என்பாயா என்றார். குரலை உயர்த்தவே இல்லை. விடைக்கு மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். அவர் செய்தது சரி என்று இன்றைக்கும் சொல்வேன். அன்றைக்கு அவரை மனதுக்குள் வெட்டி உப்புப் போட்டேன்.

பெயர்ப் பட்டியலில் பத்துப் பேர். நான் இல்லை. பொதுப் பட்டத்தோடு முடித்து, எல்லாரையும் போல ரீச்சராக வரலாம் என்று ஆயிற்று.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். வாப்பா முற்றத்தில் விதை நெல் காயவைத்து, காலால் கிளறிக்கொண்டு நின்றார். அவர் பக்கத்தில் நின்று ஒன்றுவிடாமல் சொன்னேன். முகவை, விரல், உதட்டுப் பொட்டு, அந்தக் கேள்வி, சிவப்புக் கோடு எல்லாம். அவர் கிளறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். முடிவில் ஒன்றே ஒன்றுதான் விசாரித்தார்.

“ஒரு சொட்டாவது தொண்டைக்குள்ள போனதா மகள்?”

“இல்ல வாப்பா.”

“அப்ப ஒண்டும் போகல்ல.”

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. திரும்பவும் நெல்லைக் கிளறத் தொடங்கினார். எனக்கு வந்த கோபத்தில் அந்த நெல்லையெல்லாம் அள்ளி வீசலாம் போல இருந்தது. போனது என்ன என்று அவருக்கு எந்தப் பாஷையில் சொல்வது? அவரோ என்னை நினைத்துப் பூரித்துப்போய் நிற்கிறார்.

கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாக அள்ளி முகத்தைக் கழுவினேன். உம்மா வந்து, ஏன் கண் இப்படிச் சிவந்திருக்கிறது என்று கேட்டார். நெல்லுத் தூசி விழுந்துவிட்டது என்றேன். அன்றைக்கு நோன்பு இல்லை.