செவப்பு ரெண்டு முடிச்சு

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவருக்குச் சாவியக்கா என்றுதான் பெயர். இடுப்பில் பதினேழு சாவிகள் கோத்த வளையம் தொங்கும். அவர் வருவது கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். பன்னிரண்டு வருடமாகக் கதவைத் திறப்பதும், பெருக்குவதும், மணி அடிப்பதும், பூட்டுவதும் அவர்தான். வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. முதுகு ஒடிந்து படுத்திருக்கும் கணவரும் அவரும் அந்த வேலையை நம்பித்தான் இருந்தார்கள். சேரும்போது "அஞ்சாவது படிச்சிருக்கேன்" என்று சொல்லியிருந்தார். அது பொய். கையெழுத்து மட்டும் மகள் சொல்லிக் கொடுத்திருந்தாள், கோலம் மாதிரி வளைத்து வளைத்துப் போடுவார்.

ஒன்றாம் வகுப்புக்கு டேப்லெட்டில் விளையாட்டு வழிப் பாடம் வைக்க ஒரு கம்பெனியிலிருந்து நான் அங்கே போனேன். திரையில் ஒரு தவளை இலைக்கு இலை தாவும். இலையில் ஒரு எழுத்தோ கணக்கோ இருக்கும். சரியாகத் தொட்டால் தாவும், தப்பாகத் தொட்டால் தொபுக்கென்று தண்ணீரில் விழும். குழந்தை தேறத் தேறக் கேள்வியும் கடினமாகும். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு பாஸ்வேர்டு போடத் தெரியாது என்பதால் ஒரு டேப்லெட்டை ஒரு பிள்ளைக்கே கட்டிப் போட்டேன். திறந்தால் அந்தப் பிள்ளையின் தவளைதான் வரும். கம்பெனியில் அந்த யோசனைக்குக் கைதட்டினார்கள்.

டேப்லெட் உறையின் பின்பக்கம் எண் ஒட்டலாம் என்றதற்குப் பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, ஒப்பவில்லை. "பிள்ளைங்களை நம்பர் போட்டுக் கூப்பிட இது என்ன ஜெயிலா? பேரை ஒட்டுங்க." ஒட்டினேன்.

"அக்கா, காலையில அலமாரியைத் திறந்து பேரைப் பார்த்துக் கொடுத்துடுங்க" என்றேன்.

"கண்ணுல தண்ணியா வழியுது தம்பி. இன்னைக்கு டீச்சரே கொடுக்கட்டும்."

எங்கள் ஊரில் என் அப்பா எந்தக் காகிதத்தை நீட்டினாலும் "கண்ணாடியை வீட்டுல வச்சுட்டேன்" என்பார். எங்கள் வீட்டில் கண்ணாடியே கிடையாது. அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகப் பட்டம் வாங்கி வந்த எனக்கு அக்காவின் கண்ணீர் அன்றே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

அன்று மாலை பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திருப்பிக் கொடுக்கும்போதே உறையின் ஓரத்துளையில் அக்கா நூல் கட்டிவிட்டார். மூன்று நிறம், நிறத்துக்கு ஒன்று முதல் பத்து வரை முடிச்சு. மஞ்சள் நாலு முடிச்சு பேசவே பேசாத உம்மணா. சிவப்பு இரண்டு முடிச்சு கடுகு. ஆள் உருவம்தான் கடுகு, வகுப்பிலேயே அவள் தவளைதான் எல்லோருக்கும் முன்னால் போனது. அரை வருடம் ஒரு டேப்லெட்கூட மாறவில்லை. முடிச்சுகளைத் தடவித் தடவி நொடியில் எடுத்துக் கொடுப்பார்.

பிறகு புது நீல உறைகள் வந்தன. ஒரு விடுமுறை நாளில் போய் எல்லாவற்றுக்கும் மாட்டி, பெயரையும் ஒட்டினேன். பழைய உறைகளில் அழுக்கேறித் தொங்கிய நூல்களைக் குப்பை என்று நினைத்து, உறைகளோடு சேர்த்துக் கூடையில் எறிந்தேன். புது அப்டேட்டும் போட்டேன். அதுவரை ஆளுக்கொரு நிறத்தில் இருந்த தவளைகள் அன்றிலிருந்து எல்லாமே பச்சை.

மறுநாள் காலை சாவியக்கா அலமாரியைத் திறந்தார். இருபத்தெட்டும் ஒரே நீலம். துளையே இல்லை.

"எது யாரோடதுன்னு ஒண்ணுமே புரியலை தம்பி" என்று பிற்பாடு சொன்னார். பின்னால் பிள்ளைகள் வரிசையில் நின்று இடித்துக்கொண்டிருந்தார்கள். அடுக்கியிருந்த வரிசையிலேயே கொடுத்துவிட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள், "உன்னோடதை நீயே எடுத்துக்கோ கண்ணு" என்று பார்த்தார். பெயர் படிக்க அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்தவர்களுக்கும் பொறுமை இல்லை. கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

அதிலிருந்து ஒவ்வொரு காலையும் அவருக்குக் கண்டம்தான். சாப்பாட்டு நேரத்தில் அலமாரி முன்னால் உட்கார்ந்து பெயர்களையே பார்ப்பார். எறும்பு மொய்த்த மாதிரி இருக்கும். அஞ்சாங்கிளாஸ் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டுக் கேட்கலாம், ஆனால் மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிடும். அலமாரி அருகே யாராவது நின்றால் சாவி வளையம் சத்தம் போடாமலிருக்க அதைக் கையால் பிடித்துக்கொள்வார்.

கடுகு ஒருநாள் டீச்சரிடம் போய், "மிஸ், என் தவளைக்கு எல்லாம் மறந்துபோச்சு. ரெண்டும் ஒண்ணும் எவ்வளவுன்னு கேக்குது" என்றாளாம்.

"நீ சொல்லிக் கொடேன்" என்று டீச்சர் சிரித்தார். வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த சாவியக்காவுக்குக் கை நின்றுவிட்டது.

கடுகின் டேப்லெட் அடுத்தடுத்து உம்மணா கைக்கே போனது. அவனுக்கு அது கழித்தல் கணக்காகக் கேட்டது. தொபுக், தொபுக் என்று அவன் தவளை விழுந்துகொண்டே இருந்தது, அந்தத் தப்பெல்லாம் கடுகு பெயரில் ஏறியது. நாலாம் நாள் இருந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டான். துடைத்தது சாவியக்கா. அதற்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை.

மூன்றாம் வாரம் நான் ரிப்போர்ட் எடுத்தேன். கடைசியில் இருக்கும் ஐந்து பிள்ளைகளைப் பிரித்து ஒரு வருடம் தனி வகுப்பில் உட்காரவைப்பது என்று பெரிய டீச்சர் முடிவு செய்திருந்தார். பட்டியலில் முதல் பெயர் கடுகு. அவள் அம்மாவை வரச் சொன்னார்கள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர், வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்தார்.

"என் பொண்ணுக்கு மூளை மந்தம்னு அந்தப் பொட்டி சொல்லுதா? வீட்டுல எனக்கே கணக்குத் திருத்துறா டீச்சர் அவ!"

பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். "மெஷின் தப்புப் பண்ணுமா தம்பி?"

"பண்ணாது மேடம்" என்றேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

சாவியக்கா தண்ணீர்த் தம்ளரோடு கதவருகே நின்றிருந்தார். தம்ளரை மேசை ஓரத்தில் வைத்தார்.

"மெஷின் மேல தப்பில்லம்மா. நான்தான் மாத்தி மாத்திக் கொடுத்துட்டேன்."

பெரிய டீச்சர் அவர் பக்கம் திரும்பினார்.

"எத்தனை நாளா?"

"புது உறை போட்ட நாள்லேருந்து."

"பேரு கொட்டை எழுத்துல ஒட்டியிருக்கு. பார்த்துக் கொடுக்க என்ன கேடு உங்களுக்கு?" பெரிய டீச்சர் ஒரு வெள்ளைத் தாளை உருவி மேசை மேல் வைத்தார். அந்தப் பள்ளியில் எந்தத் தப்புக்கும் அதுதான் வழக்கம். "என்ன நடந்துச்சுன்னு இப்பவே எழுதிக் கொடுங்க."

அங்கேயே அவர் தப்பித்திருக்கலாம். கண் எரிகிறது, நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்று சொன்னால் போதும். மகளிடம் எழுதி வாங்கியிருக்கலாம். அவர் வாய் திறந்ததைப் பார்த்தேன், அதைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"எழுதத் தெரியாதும்மா" என்றார். "படிக்கவும் தெரியாது. அஞ்சாவதுன்னு சொன்னது பொய். அந்தப் புள்ளையைத் தனியா உக்கார வைக்காதீங்க. இன்னொண்ணு பயத்துல வீட்டுலயே கிடக்கு."

இஸ்திரிக்காரம்மா சண்டையை மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய டீச்சர் பேனாவை என் பக்கம் தள்ளினார். அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நூலைப் பற்றிச் சொன்னபோதுதான் நான் கூடையில் எறிந்தது என்னவென்று எனக்கு உறைத்தது. "அதை எடுத்துப் போட்டது நான் மேடம்" என்றேன். "அதையும் எழுதுங்க" என்றார் பெரிய டீச்சர். கீழே அக்கா தன் கோலத்தைப் போட்டார். அவர் தாளை மடித்தார். கோப்பில் வைக்கவில்லை, மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். "போய் மணி அடிங்க" என்றார்.

பட்டியலைக் கிழித்தார்கள். பெயருக்குப் பக்கத்தில் நானே துளை போட்டு நூல் கட்டினேன். முடிச்சு எண்ணிக்கையை அக்கா சொன்னார். உம்மணா அடுத்த வாரம் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தான். மஞ்சள் நாலு முடிச்சைக் கையில் வாங்கியும் வெகுநேரம் திறக்கவில்லை.

வேலை போகும் என்றும் சொல்லவில்லை, இருக்கும் என்றும் சொல்லவில்லை. புதுப்பிக்கும் மாதத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. பள்ளியின் பதினேழு சாவியும் அக்காவிடம் இருந்தன, அந்த இழுப்பறையின் சாவி மட்டும் இல்லை. அது திறக்கும் சத்தம் கேட்டால் தாழ்வாரத்தில் எங்கிருந்தாலும் நின்றுவிடுவார்.

ஒருநாள் அலமாரிக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டார். வளையத்தைக் கையால் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. அன்னைக்கு நான் சொன்னதைத்தானே எழுதினீங்க? வேற எதுவும் சேர்க்கலையே?"

அந்த நாளிலிருந்து அவர் இந்தப் பயத்தையும் சேர்த்துச் சுமந்திருக்கிறார். தான் கையெழுத்துப் போட்டது எதில் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்தத் தாளை மடிப்பதற்கு முன்பே போனில் படமெடுத்து வைத்திருந்தேன். ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். உதட்டை அசைத்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், "பயந்துதான் சொல்லலைன்னு சொன்னேனே, அது எங்க இருக்கு?" என்றார்.

'பயந்து' என்ற சொல்லைப் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் விரலை அதன் மேல் வைத்து, எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே பெரிய டீச்சரின் இழுப்பறை கிரீச்சென்று திறந்தது. அவர் விரல் அந்தச் சொல்லை விட்டு நகரவில்லை.