தலைவி என்று அர்த்தம்

சென்ற மாதம் ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு மரக்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைபேசிக்கு ஒரு படம் வந்தது. பித்தளைப் பலகை ஒன்றின் மாதிரி. மேலே எங்கள் பழைய யூனியன் தலைவியின் பெயர். அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: ‘தமிழ்ப் பெண்கள் இவரை இப்படித்தான் அழைத்தார்கள்.’ அந்த வரிக்கு அடியில், பெரிய தமிழ் எழுத்தில் ஒரே ஒரு சொல். காப்பிலி. எழுத்துகள் சரிதானா என்று பார்த்துச் சொல்லும்படி தலைவியின் மகள் கேட்டிருந்தாள். எழுத்தில் ஒரு பிழையும் இல்லை. பக்கத்தில் நின்ற யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கைபேசியைக் கவிழ்த்துப் பிடித்தேன்.

இந்தச் சொல்லை அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆபிரிக்க வழிவந்தவர்களைக் குறிக்க எங்கள் நாட்டில் நாங்கள் சொல்வது அது. அதை மரியாதையாகச் சொன்ன ஒருவரையும் நான் கண்டதில்லை. கனடாவுக்கு வந்தபோது உடுப்போடும் மிளகாய்த்தூளோடும் அதையும் கட்டிக்கொண்டு வந்தோம். நேரே பார்த்துச் சொல்ல மாட்டோம். அவர்கள் பக்கத்தில் நிற்கும்போதே, விளங்காது என்ற துணிவில், எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

தலைவி ஜமெய்க்காவிலிருந்து வந்தவர். ஸ்காபரோவில் உறைந்த உணவு பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் யூனியனுக்குத் தலைமை தாங்கினார். பொதிகள் நகரும் பெல்ட்டின் ஒரு முனையில் அவர் நிற்பார், மறு முனையில் தமிழ்ப் பெண்கள் ஒன்பது பேர் நிற்போம். மட்டக்களப்பில் கொஞ்சக் காலம் ஆங்கிலம் படிப்பித்த புண்ணியத்தில் ஒன்பது பேருக்கும் வாய் நான்தான். தலைவி உயரமாக இருப்பார், நடையில் ஒரு அவசரம் இருக்கும். யாருடைய கையுறை கிழிந்திருக்கிறது, யாருக்கு இருமல் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இவ்வளவும் தெரிந்த அவரைப் பற்றி நாங்கள் பேசியது இப்படித்தான்: காப்பிலி வருது, காப்பிலியைக் கேள், காப்பிலி பார்த்துக்கொள்ளும். ‘வருகிறா’ என்றுகூடச் சொல்லவில்லை. இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அப்போது நாக்குக் கூசவில்லை.

ஒருநாள் பெட்டி ஒன்று என் கை தவறி விழுந்தது. சூப்பர்வைசர் எல்லோருக்கும் கேட்கும்படி என்னைப் ‘பாக்கி’ என்றான். தெற்காசியாவிலிருந்து வந்த எல்லோரையும் ஒரே குப்பைத் தொட்டியில் போடும் சொல் அது. நான் குனிந்து பெட்டியைப் பொறுக்கினேன். குனிவது எனக்குப் பழக்கம். ஊரில் சோதனைச் சாவடிகளில் இதைவிட மோசமாகக் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். பெல்ட் நின்ற பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். தலைவி சிவப்புப் பொத்தானில் கையை வைத்துக்கொண்டு நின்றார். தீப்பிடித்தால் மட்டும் அழுத்த வேண்டிய பொத்தான் அது. அந்தச் சொல்லை இவன் திரும்பப் பெறும்வரை இந்த பெல்ட் ஓடாது என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

அவன் மீது முறைப்பாடும் எழுதிக் கொடுத்தார். அன்று பிற்பகலே அவரை வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். சூப்பர்வைசர் மீதான முறைப்பாட்டை விலக்கிக்கொண்டால் திரும்ப எடுப்போம், இல்லாவிட்டால் விசாரணை, விசாரணையில் வேலையே போகலாம் என்று நிர்வாகம் சொல்லி அனுப்பியது. அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி, கணவர் இல்லை. ஆனாலும் விலக்க மாட்டேன் என்றார். தொழிற்சாலைக்கு எதிரே இருந்த டோனட் கடையில் தினமும் வந்து உட்கார்ந்துகொண்டு, வேலை முடிந்து வரும் எங்களிடம் வாக்குமூலம் எழுதி வாங்கினார். அங்கேதான் அது நடந்தது. எங்களில் ஒருத்தி வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் வழக்கம்போல அந்தச் சொல்லைச் சொன்னாள். தலைவி பேனாவை மூடினார். என்னைப் பார்த்து, நான் வரும்போதெல்லாம் இந்தச் சொல் கேட்கிறது, காப்பிலி என்றால் என்ன என்று கேட்டார்.

ஒன்பது பேரும் கோப்பியைப் பார்த்தோம். பிறகு, “தலைவி என்று அர்த்தம், முன்னுக்கு நடக்கிறவர் என்று அர்த்தம்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். படிப்பித்த காலத்தில்கூட ஒரு சொல்லுக்கு அவ்வளவு சுத்தமாக நான் விளக்கம் கொடுத்ததில்லை. அவருடைய முகம் மலர்ந்தது. நெஞ்சில் கையை வைத்து, அப்படியென்றால் நான் உங்கள் காப்பிலி என்றார்.

மனம் நோகக் கூடாதென்று சொன்ன பொய் என்றுதான் பல வருடம் என்னையே தேற்றிக்கொண்டேன். அது இரண்டாவது பொய். உண்மை தெரிந்தால் முறைப்பாட்டை விலக்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிடுவார், நாங்கள் அந்தரத்தில் நிற்போம் என்று பயந்தேன். எங்களுக்கு அவர் தேவைப்பட்டார். விசாரணையில் அவர் எழுந்து நின்று, இந்தப் பெண்களின் காப்பிலியாகப் பேசுகிறேன் என்று தொடங்கினார். நாங்கள் பின்வரிசையில் தலை குனிந்திருந்தோம். அவர் வென்றார். சூப்பர்வைசர் பெல்ட்டின் முன்னால் நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்டான். அதன்பிறகு எங்கள் வாயிலிருந்து அந்தச் சொல் போய்விட்டது. அவர் வாயில் மட்டும் தங்கிவிட்டது. எங்களுக்கு அனுப்பும் வாழ்த்து அட்டைகளில்கூட, தன் பெயருக்குக் கீழே அதை ஆங்கில எழுத்தில் எழுதுவார்.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது டோர்செட் பார்க்கில் அவர் குடியிருந்த கட்டடத்தின் மண்டபத்துக்கு அவருடைய பெயரை வைக்கிறார்கள். விழாவுக்கு வருபவர்களில் பாதிப்பேர் தமிழர்கள். மகளின் திட்டம் இது: பலகையைத் திறந்ததும் அவள் அந்தச் சொல்லை ஒலிபெருக்கியில் சொல்வாள், தமிழர்கள் எல்லோரும் சேர்ந்து திரும்பச் சொல்ல வேண்டும்.

அந்த ஒன்பது பேரில் பெல்ட்டில் என் பக்கத்தில் நின்ற அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவர் யாழ்ப்பாணம். எதற்கும் ஒரு வழி வைத்திருப்பார்.

“உந்தக் கதையை இப்ப ஏன் கிளறுறாய்? பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ‘தலைவி’ எண்டு எழுதி அனுப்பிவிடு. எழுத்துப் பிழை இருந்தது, திருத்திப்போட்டன் எண்டு சொல்லு.”

தலைவி என்று கைபேசியில் எழுதியும்விட்டேன். மூன்று எழுத்து. அனுப்பியிருந்தால் பலகை தப்பியிருக்கும். ஆனால் மேடையில் அவள் வாயிலிருந்து பழைய சொல்தான் வரும். அதைவிட, அவளுடைய தாயிடம் சொன்ன பொய்யை அதே அர்த்தத்தோடு அவளிடமும் சொல்ல வேண்டும். என் வயதில் அதற்கு இனித் தெம்பு இல்லை.

மறுநாள் ரெயின் எடுத்து, தலைவியின் மகள் இருக்கும் அஜக்ஸுக்குப் போனேன். அவள் தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் அடுப்பை அணைத்தாள். அந்தச் சொல்லின் உண்மையான அர்த்தத்தை இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். பிறகு மெதுவாக ஒரு விஷயம் சொன்னாள். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில், அறை துடைக்க வந்த தமிழ்ப் பெண் ஒருத்தியிடம் அம்மா சிரித்துக்கொண்டே, நான் உங்கள் ஆட்களின் காப்பிலி என்றாவாம். அந்தப் பெண் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாளாம். பாவம், கூச்சப்படுகிறாள் என்று அம்மா சொன்னாவாம்.

நான் அழுதேன். அவள் அழவில்லை. அம்மாவிடம் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டாள். எங்களை விட்டுவிடுவார் என்று பயந்தேன் என்றேன்.

“அம்மா விட்டிருக்க மாட்டா,” என்றாள். “உங்களுக்கு அது தெரியாமல் போனதுதான் எனக்கு வலிக்கிறது.” பலகையில் அந்தச் சொல் வராது, வெறும் பெயர் போதும் என்றாள். ஆனால் விளக்கம் சொல்வது தன் வேலையல்ல என்றாள். “அங்கே வருகிறவர்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். தமிழில் சொல்லுங்கள்.”

விழா நாளில் என் பெயரைக் கூப்பிட்டதும் மேடையில் ஏறினேன். முன்வரிசையில் அந்த அக்கா, ஒன்பது பேரில் இன்னும் நான்கு பேர், பட்டுச் சேலையில் இருந்தார்கள். நான் வாயைத் திறக்கு முன்பே அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார். தலைவியின் மகள் மேடைக்கு அருகே தனியே உட்கார்ந்திருந்தாள்.

பெல்ட் நின்ற கதையைச் சொன்னேன். கை தட்டினார்கள். அது எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. கை தட்டல் அடங்கும்வரை காத்திருந்தேன்.

“எங்களை ஒருத்தன் ஒரு சொல் சொன்னதுக்கு இவ தன்ர வேலையைப் பணயம் வைச்சவ,” என்றேன். “அந்த நேரம் நாங்கள் இவவை என்ன சொல்லிக் கூப்பிட்டனாங்கள் தெரியுமா? காப்பிலி.”

அக்கா சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை எதுவும் விளங்காமல் கைகளைப் பார்த்தபடி இருந்த மகள் சட்டென்று தலையை நிமிர்த்தினாள். நான் பேசிய அத்தனை தமிழிலும் அவளுக்குத் தெரிந்த சொல் அது ஒன்றுதான்.