மூன்று வட்டக் கொடி

போன வாரம் உசிலம்பட்டியில் ஒரு காதணி விழா. மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கும் நண்பர் தவமணியின் பேத்திக்கு. மண்டப வாசல் ஃபிளெக்ஸில் குழந்தையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. முக்கால்வாசி இடத்தில் தவமணியின் தம்பி... வெள்ளைச் சீருடையில்.

தம்பி, கடற்படையில் வைஸ் அட்மிரலாக இருந்து ஓய்வு பெற்றவர். அவ்வளவு பெரிய அதிகாரி ஏறும் கப்பலில் அவருக்கென்று ஒரு கொடி ஏற்றுவார்களாம். இப்போது அந்தக் கொடியின் வடிவத்தை மாற்றிவிட்டார்கள். அவர் காலத்துக் கொடியின் போட்டோவை எங்கிருந்தோ பிடித்து, தம்பி படத்துக்குப் பக்கத்தில் போடச் சொல்லி பழங்காநத்தத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் கொடுத்திருக்கிறார் தவமணி. அதில் ஒரே ஒரு வட்டம். பார்க்க வெறிச்சென்று இருந்ததாம்.

“மூணாப் போட்ருவோம்ணே, கெத்தா இருக்கும்” என்றிருக்கிறார் கடைக்காரர். இவரும் தலையாட்டிவிட்டார். நம் ஊரில் மரியாதை என்றால் கூட்டுவதுதானே?

தம்பி காரிலிருந்து இறங்கினார். ஃபிளெக்ஸைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. அவரோடு வேலை பார்த்த இரண்டு அதிகாரிகள் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. ஆனாலும் அண்ணனை நோகடிக்க மனசில்லாமல் உள்ளே போகப் பார்த்தார். தவமணிதான் என்ன தப்பு என்று விடாமல் கேட்டார்.

“அண்ணே, எங்க கொடியில வட்டம் கூடுனா பதவி கம்மி. ரெண்டு வட்டம்னா எனக்குக் கீழ உள்ள ரியர் அட்மிரல். மூணு வட்டத்துக்கு ஆளே கெடையாது.”

தவமணிக்கு முகம் சுண்டிப்போனது. ஊரைக் கூட்டி வைத்துத் தம்பியை நானே கீழே இறக்கிவிட்டேனே என்று புலம்பினார். எனக்கே பாவமாக இருந்தது. இரண்டை மறைத்துவிட்டால் சரியாகிவிடும் என்றேன்.

வெள்ளை ஸ்டிக்கர் வாங்கி வந்தோம். ஏணியில் தவமணியேதான் ஏறினார். இரண்டு வட்டங்களை மூடியவர், அப்படியே திரும்பிப் பார்த்தார்.

“அப்ப வட்டமே இல்லாட்டி யாரு தம்பி?”

தம்பி அண்ணாந்து கொடியைப் பார்த்தார்.

“அட்மிரல்ணே. கடற்படைக்கே தலைவர்.”

அந்தக் கடைசிப் படி தம்பிக்குக் கிடைக்கவில்லை. அந்த வருத்தம் அவருக்கு உண்டு என்று தவமணி பல முறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

மிச்சமிருந்த வட்டத்தின் மேலும் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு இறங்கினார் அண்ணன்.

விதிப்படி அது தப்பு என்று தம்பிக்குத் தெரியாதா? ஆனாலும் தடுக்கவில்லை. மதியம் அந்த இரண்டு அதிகாரிகளும் வந்தார்கள். கொடியைப் பார்த்தார்கள், இவரைப் பார்த்தார்கள்.

“எங்க அண்ணன் போட்ட ப்ரமோஷன் ஆர்டர்” என்றார் தம்பி.

டெல்லியில் என்றால் கையெழுத்து, உசிலம்பட்டியில் ஸ்டிக்கர்... அவ்வளவுதான் வித்தியாசம்!